காலி மேசையில் தெரிந்த கல்

காலை ஐந்தே கால். புறவழிச் சாலை. கம்பங்களில் பாதி விளக்கு எரியவில்லை. ஒரு ஸ்கூட்டர்... அதன் மேல் ஒருத்தி. முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை.

சிரிக்கிறவள் இப்போதே சிரித்து முடித்துவிடு. பாதியில் சிரித்தால் நிறுத்திவிடுவேன். இது இந்த ஹாஸ்டலில் நம்மோடு இருக்கிற அறைக்காரியின் அக்காவுக்கு நடந்தது. அறைக்காரி இன்று ஊரில் இல்லை, அதனால் சொல்கிறேன்.

அக்காவுக்குச் சிறுநீரகக் கல்லை உடைக்கும் இயந்திரத்தில் வேலை. கத்தி கிடையாது, தையல் கிடையாது. தண்ணீர் நிரப்பிய ரப்பர் பையில் ஜெல் தடவி இடுப்பில் அழுத்தினால், அதிர்வு அலை உள்ளே போய்க் கல்லை அடிக்கும். டக்... டக்... ஆயிரம் அடிக்கு மேல். பெரியவர்களுக்கு அவ்வளவுதான். குழந்தைக்கு இன்னொன்றும் செய்ய வேண்டும். சின்ன உடம்பில் சிறுநீரகத்தை ஒட்டியே நுரையீரல். காற்று இருக்கிற இடத்தில் அந்த அலை பட்டால் கிழித்துவிடும். அதனால் நடுவில் ஒரு தெர்மோகோல் அட்டை வைப்பார்கள். ஆமாம்டி, டிவி பெட்டிக்குள் வருமே, அதேதான்.

அந்த அட்டை உடைந்து ஒரு மாதம். புதிது கேட்டு அக்கா மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டாள். வரவில்லை. டாக்டருக்கு அங்கே பட்டப்பெயர் எக்ஸ்பிரஸ். எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டார்.

"தெர்மோகோல் இல்ல சார்."

"ஒரு நாள் இல்லேன்னா என்ன ஆயிடப் போகுது? நாலு எழுத்து படிச்சுட்டா போதும், எல்லாருக்கும் பாடம் எடுக்க வந்துடுவீங்க. ஆரம்பிம்மா."

மேசையில் ஒன்பது வயதுப் பெண். வலி தெரியாமலிருக்க ஊசி போட்டிருந்தது, அரை மயக்கம். பாதியில், "அக்கா... நெஞ்சு வலிக்குது" என்றாள். பேசினால் உடம்பு அசையும், அசைந்தால் குறி தப்பும். அக்கா குனிந்து சொன்னாள்: "நான் எந்திரின்னு சொல்ற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது. சரியா கண்ணு?"

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. திறக்கவே இல்லை. எல்லாம் முடிந்து திருப்பிப் படுக்க வைத்தபோது... வாய் நிறைய ரத்தம். அதுவரை அடக்கி வைத்திருந்திருக்கிறது. மத்தியானத்துக்குள் உயிர் போய்விட்டது.

'தெர்மோகோல் வைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் எக்ஸ்பிரஸ். போட்டாள். அவள் சம்பளத்தில்தான் தங்கை படிக்கிறாள். நீங்களாக இருந்தால் போட்டிருக்க மாட்டீர்களாக்கும்? சும்மா இருங்கள்.

அதற்கு ஒன்பதாம் நாள்தான் நான் சொன்ன அந்த ஐந்தே கால். முதல் கேஸ் ஆறு வயதுப் பையன். குழந்தைகளை வெறும் வயிற்றோடு வைத்திருப்பதால் விடிந்ததும் எடுத்துவிடுவார்கள். தெர்மோகோல் இன்னும் வரவில்லை. இன்று சொல்லிவிடுவது, வேலை போனாலும் போகட்டும். வழி முழுக்க ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முடியாது சார். முடியாது சார்.

வராந்தா பெஞ்சில் பையனும் அம்மாவும். பையன் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, உடைச்ச கல்ல எனக்கே குடுத்துடுவீங்களா?"

"அது பொடியாயிடும்டா."

"பொடிய குடுங்க."

"வாயப் பாரு!" என்று அம்மா அவன் தலையில் தட்டினாள்.

அக்கா உள்ளே போனாள். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. சுவிட்சைப் போட்டாள். மேசை காலி. ரப்பர் பை எதையும் தொடாமல் அந்தரத்தில். ஆனால் திரையில்... ஒரு சிறுநீரகம். அதன் நடுவில் கல்.

கல் மேலே போனது. கீழே வந்தது. மேலே... கீழே... மூச்சு விடுகிற உடம்புக்குள் கல் அப்படித்தான் அசையும்.

அந்தக் கல்லை அவளுக்குத் தெரியும், ஒன்பது நாள் முன்னால் இதே திரையில் பார்த்தது. வலது பக்கம். ஒரு முனை கொக்கி மாதிரி வளைந்தது. வெளியே இருக்கிற பையனுக்குக் கல் இடது பக்கம்.

அறையில் ஒரு நெடி. பல் பிடுங்கிய அன்று வாய்க்குள் வருமே... அந்த நெடி.

எந்திரி என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பிள்ளை வாயைத் திறக்குமே.

அதற்குள் எக்ஸ்பிரஸ் வந்துவிட்டார். நேராகத் திரை முன்னால் உட்கார்ந்தார், மேசைக்கு முதுகைக் காட்டி. எப்போதும் அப்படித்தான். அவர் கல்லைத்தான் பார்ப்பார். பிள்ளை முகத்தைப் பார்த்ததே கிடையாது.

"அட, படுக்க வச்சாச்சா? இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேலை பார்த்திருக்க. ஆரம்பி."

முடியாது சார்... சொல்ல வாயெடுத்தாள். மேசையைத் திரும்பிப் பார்த்தாள். பையன் வெளியே அம்மாவோடு பத்திரமாக இருக்கிறான். மேசையில் யாரும் இல்லை. வேலையும் போகாது, இந்த ஆளிடம் வாயும் கொடுக்க வேண்டாம். காலி மேசைதானே... யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

பொத்தானை அழுத்தினாள்.

டக்.

முதல் அடியிலேயே கல் அசைவதை நிறுத்தியது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

டக்... டக்... டக்... நாற்பது நிமிடம். கல் ஒரு நூல் நகரவில்லை. கடைசியில் மணலாகக் கலைந்தது. திரை இருண்டது.

"பிரமாதம்!" என்று எக்ஸ்பிரஸ் நாற்காலியைத் திருப்பினார். மேசையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"பையன் எங்க?"

அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

பையன் அம்மா மடியில், அவள் தோளில் முகம் புதைத்துக் கிடந்தான். அம்மா அவனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "மெதுவா... இப்பத்தான் அசந்து தூங்குறான்" என்றாள்.

அக்கா அவன் சட்டையைத் தூக்கினாள்.

வலது இடுப்பில், ரப்பர் பை அகலத்துக்கு, வட்டமாகச் செக்கச் சிவந்த தடிப்பு. அதன் மேல் ஜெல்... இன்னும் காயவில்லை. அதைச் சுற்றித் தோல் சில்லிட்டிருந்தது, மூச்சுக்கு ஏறி இறங்கவில்லை.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கள எப்பம்மா கூப்புடுவீங்க? புள்ள பசி தாங்க மாட்டான்."