முறைக்கத் தெரியாதவர்

— சிரிக்கச் சொல்லலைம்மா. சிரிப்பு நேத்தோட முடிஞ்சுது. இன்னிக்கு ‘ஸ்கௌல்’. இந்தத் தாள்ல மூணாவதா இருக்கு பாருங்க, சரியா?

— எங்க வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் வராதுங்க டாக்டரம்மா. உருது மட்டுந்தான்.

— நான் டாக்டர் இல்லை, முகத்துக்குப் பயிற்சி குடுக்கறவ. ஸ்கௌல்னா கோவமா புருவத்தைச் சுருக்கி முறைக்கறது. உருதுல சொல்லுங்க, சரியா? ...அட, அதுக்குள்ள தலையாட்டறார். புரிஞ்சுடுச்சா?

— நீங்க ‘சரியா’ன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு ஆட்டறாரு. தமிழ்ல அவருக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை ‘சரி’. அதை வச்சே என்கூட இருபத்தெட்டு வருஷம் குடும்பத்தை ஓட்டிட்டாரு.

— சொல்லுங்கம்மா.

— உருதுல ‘தியோரி சடானா’ம்போம். இருங்க, கேக்கறேன்... வார்த்தை தெரியுமாம். செஞ்சு பழக்கமில்லையாம்.

— முறைச்சதே இல்லையா?

— எங்க வீட்ல முறைக்கற வேலை பூரா என் பொறுப்புங்க.

— விளையாட்டு இல்லைம்மா. முகவாதம் வந்து மூணு வாரமா முகத்துல இடது பக்கம் அசையவே இல்லை. இன்னிக்குப் புருவம் துளி அசைஞ்சாக்கூட நரம்பு தேறுதுன்னு எழுதிக் குடுத்துடுவேன். இல்லைன்னா நாளைக்குப் பெரிய டாக்டர் ஆபரேஷன் பேச்சை எடுத்துடுவார்.

— ஐயையோ. அதை அவருகிட்ட சொல்லவா?

— வேணாம், பயந்துடுவார். நான் செஞ்சு காட்டறேன், அப்படியே செய்யட்டும். இதோ, இப்படி...

— உங்களுக்குப் பல்வலியான்னு கேக்கறாருங்க. வீட்ல கிராம்புத் தைலம் இருக்காம்.

— சரி, கோவம் வர்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் பரவாயில்லை.

— ஸ்கூட்டரை வித்துட்டேன்னு சொல்றேன். அதுன்னா அவருக்கு உயிரு... கெட்டுது போங்க. நடந்து போனா உடம்புக்கு நல்லதாம்.

— வேற?

— எங்க அண்ணன், பொண்டாட்டி பிள்ளைங்களோட நம்ம வீட்டுக்கே குடி வர்றாருன்னு சொல்றேன்... அடக் கடவுளே, கேரம் ஆட ஆள் கிடைச்சாச்சுங்கறாரு!

— இவரெல்லாம் என்ன மனுஷர்!

— அதைத்தாங்க நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். போன வருஷம் சுடச்சுட டீயை அவரு மடியில கொட்டிட்டேன். ‘உன் கை சுட்டுடுச்சா’ங்கறாரு. இப்போ அவரால டீயைக் குடிக்கவே முடியலைங்க. பாதி வாயில, பாதி சட்டையில. அதுக்கும் சிரிக்கறாரு. அந்தக் கோணல் சிரிப்பைப் பார்க்க என்னால முடியலை...

— அழாதீங்கம்மா.

— என் புத்திதாங்க கெட்டுப்போச்சு. அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும். வாய் கோணுதுன்னு தெரிஞ்சும் ஒருநாள் சும்மா இருந்துட்டேனே, நான் பாவி...

— அம்மா! போதும், நிறுத்துங்க! இங்க உட்கார்ந்து ஒப்பாரி வச்சா அவர் எப்படித் தேறுவார்? மொதல்ல கண்ணைத் துடைங்க! ...ஒரு நிமிஷம். இருங்க, இருங்க. இடது புருவம்! அசையுதும்மா! நெத்தியில கோடு விழுது பாருங்க!

— ஆமாங்க! ஆமாங்க!

— அப்படி என்னம்மா சொன்னீங்க? அதையே இன்னொரு தடவை சொல்லுங்க!

— நான் ஒண்ணுமே சொல்லலைங்க. நீங்க என்னை அதட்டினீங்கல்ல? உங்களைத்தான் முறைக்கறாரு.