சீர் வைத்த நாள்

சேலத்திலிருந்து சங்ககிரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். ஜன்னலோரம் அவர்கள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு செருப்பின் அடி மட்டும் தடிமனாக இருந்தது.

“ஏனுங்க, டாக்டரம்மாகிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்க.”

“என்ன பொய்?”

“புள்ள எப்ப வயசுக்கு வந்தாள்னு கேட்டாங்க. சீர் வெச்ச நாளைச் சொல்லிப்போட்டேன்.”

“அதுக்கு ஒரு வருசம் முன்னாலயே வந்துட்டாளே. சீர் வெக்க வேண்டிய மாமன் போர் போடற ரிக் வண்டியில வடக்க இருக்கறான்னு நாமதான மறைச்சு வெச்சோம்.”

“அதானுங்க பயமா இருக்குது. வளத்தி நிக்கறதுக்குள்ள ஆபரேசன் பண்ணி நீளமான காலு வளராம நிறுத்தினாத்தான் குட்டைக்காலு எட்டிப் புடிக்குமாம். நாஞ் சொன்ன நாளை வெச்சு, இன்னும் வளருவா, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னுட்டாங்க.”

மகள் விழித்துவிடாதபடி அவர் மெதுவாகக் கேட்டார். “இன்னமும் வளந்துட்டுத்தான இருக்கறா?”

“வருசா வருசம் யூனிபாரம் பேண்ட்டு மடிப்பைப் பிரிச்சு எறக்கி விடுவேன். இந்த வருசம் பிரிக்கவே இல்லீங்க.”