கண்ணீர் வராத பிள்ளைக்காக மெமோ வாங்கிய லில்லி சிஸ்டருக்கு

கடமையைக் கண்ணெனக் காத்தவரே! நெட்டப்பாக்கம் முதல் மடுகரை வரை வரப்பு வழி நடந்து, வாசல்தோறும் நின்று, பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்த பெருந்தகையே! எங்கள் துணை சுகாதார நிலையத்தின் தூணே, செவிலியர் லில்லி அம்மையீர்! முப்பத்து நான்கு ஆண்டுப் பணி முடித்து ஓய்வு பெறும் உங்களுக்கு எங்கள் வணக்கம்!

"அப்பழுக்கற்ற பணி" என்று எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து மாதிரி மடல் வந்தது. எழுத மாட்டோம். உங்கள் பணிப்பதிவேட்டில் ஒரு மெமோ இருக்கிறது. அது யார் மேல் படிந்த அழுக்கு என்பதை, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அதிகாரிகளின் காதுபடச் சொல்கிறோம்.

கரும்பு வெட்டும் வீரப்பனின் மனைவி விஜயராணி, நான்கு வயது மகளைத் தூக்கி வந்து, "எம்மா நேரம் அழுதாலும் கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வரல சிஸ்டர், சோறும் எறங்கல" என்றாள். அதை அப்படியே சீட்டில் எழுதி, பெரிய மருத்துவமனையில் ஆராய வேண்டும் என்றீர்கள். "கண்ணீர் வராததும் ஒரு நோயா?" என்று மேலதிகாரிகள் சிரித்துச் சீட்டைத் திருப்பினார்கள், வரம்பு மீறினீர்கள் என்று மெமோ கொடுத்தார்கள். உங்கள் பதிலில் சாட்சிக் கையெழுத்துக் கேட்டீர்கள். உங்களோடு வேலை பார்த்த நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஒருவரும் போடவில்லை. அடுத்த மாதம் சாதாரணக் காய்ச்சலில் அந்தப் பிள்ளை செத்துப்போனது.

பிறகு விஜயராணிக்குப் பிறந்த மகன் பாக்யராஜும் கண்ணீரின்றி அழுதான். இம்முறை நீங்கள் யாரிடமும் சீட்டை நீட்டவில்லை. விடுப்பு போட்டு, அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தாயோடு பஸ் ஏறினீர்கள். ரத்தப் பரிசோதனை விடை சொன்னது. நம் உயிரணுவின் உட்கருவைச் சுற்றிய உறையில் நுண்துளைகள் உண்டு. அத்துளைகளில் அமரும் ஒரு புரதத்தை ஆக்கும் 'ஏ.ஏ.ஏ.எஸ்.' என்னும் மரபணு, தாய்வழியும் தந்தைவழியும் பழுதாகவே அவனுக்கு வந்திருந்தது. அதனால்தான் கண்ணீர் இல்லை, சோறு இறங்கவில்லை, காய்ச்சலைத் தாங்கும் சுரப்பும் இல்லை. சுரப்புக்கு ஈடாகத் தினமும் மாத்திரை போதும்! அது கிடைத்திருந்தால் அவன் அக்காளும் இன்று பள்ளிக்கூடம் போயிருப்பாள். வயிறு எரிகிறது, அம்மையீர்! அவர்கள் மேல் பாதி, எங்கள் மேல் பாதி.

நாளை முதல் உங்கள் இடத்துக்கு ஆள் கிடையாதாம். வாழ்த்த வந்தவர்களே வாய்கூசாமல் சொல்கிறார்கள்.

நீங்கள் நோயின்றி, நெடுநாள், வயிறு குலுங்கச் சிரித்து வாழுங்கள்! இம்மடலின் ஒரு படி உங்கள் வீட்டுக்கு. இன்னொரு படி ஊசி போடும் அறைச் சுவரில் தொங்கும். அதன் அடியில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறோம்: "பாக்யராஜுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரையை இருமடங்காகக் கொடு. வாந்தி எடுத்தால் அதே மருந்தை ஊசியாகப் போட்டு உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பு. யார் உத்தரவுக்கும் காத்திருக்காதே."

அன்று கேட்ட கையெழுத்தை இன்று போடுகிறோம்.

சுப்புராயன்
ருக்குமணி
ஜெயசுதா
மணிவண்ணன்
கலைவேந்தன்