ஷரோனின் கலியாணக் கேக்

எனக்குக் கோப்பி வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும். கோப்பி குடித்தால் நெஞ்சு எரியும். மதுஜா பிள்ளை, நீர் ஆறுதலாக மொழிபெயரும். நான் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். இந்தப் பொலிஸ் அம்மாவுக்கும் அவசரம் இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

என் பெயர் கிளமென்ற். மன்னார் ஆள். இந்த நாட்டுக்கு வந்து, பூம்ப்ளிஸில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை. ஒரு காலத்தில் நான் மொடாக்குடியன். மனைவி செசீலியா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஷாஃப்ஹவுசன் என்ற தூரத்து ஊருக்குப் போனது அதனால்தான். அவளில் பிழை இல்லை. பிறகு விட்டேன். விடுவது பெரிய காரியம் இல்லை, எல்லாக் குடிகாரரும் அடிக்கடி விடுவார்கள். விட்டபிறகு பொழுதை என்ன செய்வது என்பதுதான் கரைச்சல். வேலை முடிந்து வரும் வழியில், கடையில் போத்தல் அடுக்கிய தட்டுக்கு முன்னால் எத்தனையோ தரம் சும்மா நின்றிருக்கிறேன்.

அப்போதுதான் ராசா என்று எங்களுடைய ஆள் ஒருவரைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினேன். தனிக்கட்டை, நல்ல குடி. குடித்துவிட்டு அவர் எடுக்கும் சத்தியைக் கழுவினேன், கஞ்சி பருக்கினேன். அவரைத் தூக்கிக் குளிக்க வார்த்த நாட்களில் எனக்குக் குடிக்கும் எண்ணமே வரவில்லை. ஈரல் கெட்டு ராசா செத்தபோது நான் விம்மி விம்மி அழுதேன். அவருக்காக அழுகிறேன் என்று சனம் நினைத்தது. எனக்கு அது பயம், இனிப் பொழுதை என்ன செய்வேன் என்று.

கடவுள் கைவிடவில்லை. அந்த மாரிகாலத்திலேயே இன்னொரு குடிகாரன், டெஸ்மன்ட், வந்து சேர்ந்தான். அவனுடைய மகள் ஷரோன் அந்தக் குடியால் அவனோடு கதைப்பதை விட்டு வருடக்கணக்கு. நான்தான் அவனுக்குச் சமைத்தேன், சவரம் செய்துவிட்டேன், வேலைத்தலத்துக்குச் சுகமில்லை என்று போன் பண்ணினேன். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்தால் சனம் என்னைச் சுற்றி நிற்கும். "கிளமென்ற் அண்ணை இல்லாட்டி டெஸ்மன்ட் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பான்" என்பார்கள். உண்மையும் அதுதான்.

பிறகு ஷரோனுக்குக் கலியாணம் பொருந்தியது. "குடியாமல் வந்தால் அப்பா என்ரை கையைப் பிடிச்சுக் கோயிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போகட்டும். இல்லாட்டி வரவேண்டாம்" என்று சொல்லி அனுப்பினாள். டெஸ்மன்ட் தானாகவே போய் மருத்துவ நிலையத்தில் சேர்ந்தான். வரும்போது ஒரு குளிசையோடு வந்தான். அதைத் தினம் போடவேண்டும். போட்டவன் உடம்பில் கொஞ்சம் சாராயம் சேர்ந்தாலும் நஞ்சாகிவிடும். நம்பிக்கையான ஒருவருக்கு முன்னால் விழுங்கச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒருவர் நான்.

அவன் முகம் தெளிந்தது. புதுக் கோட் வாங்கி என்னிடம் போட்டுக் காட்டினான். சந்தோஷம் என்றேன். ஒரு காலை வந்து, "அண்ணை, இனி நீங்கள் எனக்காக அலைய வேண்டாம். குளிசையை நானே போடுவன்" என்றான். அன்றைக்கு வேலை முடிய நான் கடைக்குள் போய்ப் போத்தலைக் கையில் எடுத்துவிட்டேன். திருப்பி வைக்கப் பட்ட பாட்டை இந்த அம்மாவுக்கு விளங்கப்படுத்த மதுஜாவிடமும் சொல் இருக்காது.

எங்கள் கலியாணக் கேக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். ரவையும் கஜுவும் முந்திரிகை வத்தலும் போட்டுச் சுட்டு, பிராந்தி ஊற்றி ஊறவிட்டு, சின்னத் துண்டாக வெட்டி, மினுங்கும் தாளில் சுற்றிக் கொடுப்போம். எங்களில் ஒருவரும் அதைக் குடியோடு சேர்ப்பதில்லை. குழந்தைகளும் தின்பார்கள், கன்னியாஸ்திரிகளும் தின்பார்கள். இங்கே எல்லாருக்கும் அதைச் செய்து கொடுப்பவன் நான். வாயில் வைப்பதில்லை, மணத்திலேயே பதம் பிடிபடும். ஷரோனின் கேக்கும் என்னிடம்தான் வந்தது.

ருசி பார்க்கவென்று முதல் துண்டை டெஸ்மன்டுக்குக் கொடுத்தேன். பெற்ற தகப்பன் அல்லவா. "இதிலை ஏதும் கிடக்கோ அண்ணை?" என்றான். "குழந்தைப்பிள்ளையளுக்கும் குடுக்கிற கேக்கடா" என்றேன். அது பொய் இல்லை. கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, சத்தி எடுத்தான். நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குக் கடைப் பக்கம் நினைவே போகவில்லை. "குளிசை உனக்கு ஒத்துக்கொள்ளேல்லை, விடு" என்று நல்ல மாதிரித்தான் சொன்னேன். விட்டிருந்தால் இன்றைக்கும் இருந்திருப்பான், குடித்துக்கொண்டு, என் வீட்டுச் சோபாவில். "செத்தாலும் விடமாட்டன், பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன்" என்றான். அவன் பிடிவாதத்துக்கு நான் என்ன செய்ய?

அடுத்த முறை அவனுக்கு ருசி பார்க்கக் கொடுத்த துண்டில் பிராந்தியை முன்னையைவிடக் கூடுதலாக ஊற்றினேன். ஊறின வாசம் தெரியாமல் இருக்கக் கறுவாவும் கூடப் போட்டேன். கொல்ல நினைக்கவில்லை, படுக்கையில் விழுத்த நினைத்தேன். அவனுக்கு இதயம் பலவீனம் என்பது தெரியும். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதே நான்தானே. என் மடியில் தலை வைத்துக் கிடந்தான். "அண்ணை, நான் குடிக்கேல்லை. ஷரோனிட்டைச் சொல்லுங்கோ" என்றான். "ஓம், சொல்லுறன்" என்றேன். அம்புலன்ஸ் வரும்போது மூச்சு இல்லை.

இரத்தத்தில் மதுசாரம் இருந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஷரோன் பிரேதப் பெட்டிக்குக் கிட்டவும் வரவில்லை. "கடைசியிலையும் பொய்தான் சொன்னவர், மாமா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் குடிக்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். பிறகு தகப்பனின் அறையை ஒதுக்கப் போனவள், புதுக் கோட்டுப் பையில் ஒரு துண்டுக் கேக்கைக் கண்டெடுத்திருக்கிறாள். தன் பங்கில் பாதியை அவளுக்கென்று சுற்றி வைத்திருக்கிறான். அதை உங்களிடம் கொண்டுவந்தது அவள்தான் என்று தெரியும். அவளில் எனக்குக் கோபம் இல்லை.

ஓம், கொடுத்தது நான்தான். தெரிந்துதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். டெஸ்மன்ட் குடிக்கவில்லை என்பதையும், நான் இன்றுவரை ஒரு சொட்டும் தொடவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு சின்ன உதவி, அம்மா. எனக்குப் பக்கத்துக் காவல் அறைக்கு நேற்று ஒரு ஆளைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். காலையில் கதவு திறந்தபோது பார்த்தேன். கோப்பையைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது. பாவம், கவனிக்க ஆளில்லை. அவரை என்னோடு விடுங்கள், நான் பார்த்துக்கொள்வேன்.