தையல்காரம்மாவின் சுவரில் நான் முடுக்கிய தகடு

தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்க்கும் செயலாளர் அவர்களே, மூட்டுவலியோடு மூன்று மாடி இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, எழுந்து போக வசதியாகக் கடைசி வரிசையைப் பிடித்துக்கொண்ட இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். சற்றுமுன் செயலாளர் என்னை, "ஓர் உயிரைக் காப்பாற்றிய அம்மையார்" என்று அறிமுகம் செய்தார். மூன்று மாதமாக நீங்களும் அதையே சொல்கிறீர்கள். படிக்கட்டில் சொல்கிறீர்கள், லிஃப்டில் சொல்கிறீர்கள், குப்பை போடும் இடத்தில்கூடச் சொல்கிறீர்கள். அது பிழை. நான் அந்த உயிரைக் காப்பாற்றவில்லை. அந்த உயிரை இருட்டில் வைத்து மூடியவள் நான். கைதட்டியவர்கள் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த கேடயத்தை இதோ இந்த மேசைமேல் வைக்கிறேன். என்னோடு அது வீட்டுக்கு வராது.

நான் படித்தது கான்வென்டில். மை கொட்டினால், கொட்டியவள்தான் எழுந்து நிற்க வேண்டும். அடுத்தவள் எழுந்தால் சிஸ்டர் விடமாட்டார். அறுபது வருடம் கழித்து இன்று எழுந்து நிற்கிறேன்.

என் கணவர் கடைசி ஏழு மாதம் கட்டிலில் கிடந்தார். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. தண்ணீருக்கு நான், தலையணைக்கு நான், ஜன்னலைத் திறக்க நான். "ஒரு விளக்கைக்கூட நானாப் போட முடியலையேடி" என்று ஒருநாள் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இந்த வித்தையைக் கற்றேன். கம்ப்யூட்டரைத் தூசி துடைக்க மட்டுமே தொட்டவள், பெட்டியில் வந்த பல்பைத் திருகினேன். கைப்பேசியில் செயலியை இறக்கினேன். வைஃபை கடவுச்சொல்லைப் பதினோரு முறை தப்பாக அடித்து, பன்னிரண்டாம் முறை சரியாக அடித்தேன். பல்புக்குக் "கட்டில் விளக்கு" என்று பெயர் வைத்தேன். பேசினால் கேட்கும் கருவியை அலமாரியில் வைத்து, "இப்போ சொல்லுங்க" என்றேன்.

"கட்டில் விளக்கைப் போடு" என்றார். எரிந்தது. அணை என்றார். அணைந்தது. "நாப்பது வருஷத்துல என் பேச்சைக் கேட்ட முதல் ஆள் இதுதான்டி!" என்று சிரித்தார். அந்த ஏழு மாதத்தில் அவர் சிரித்த சிரிப்பு அது ஒன்றுதான்.

அவருக்குக் கால் போனது, குரல் இருந்தது. கை போனது, குரல் இருந்தது. மனிதனுக்கு எது போனாலும் குரல் கடைசியில்தான் போகும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். யாரைக் கேட்டேன்? எவரைக் கேட்டேன்? ஒருவரையும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு வீடு வீடாக வந்தேன். முப்பத்தெட்டு வீடுகள். இரண்டு விளக்குக்கு ஒரே பெயர் வைக்காதீர்கள் என்றேன். பெயர் சின்னதாக இருக்கட்டும் என்றேன். சொல்லை மெல்லாதீர்கள், முழுங்காதீர்கள் என்றேன். இரண்டாம் மாடிப் பெரியவரைப் பல்செட்டை மாட்டிவிட்டுத்தான் விளக்கோடு பேச வேண்டும் என்று கண்டித்தேன். சிரிக்கிறீர்கள். அவர் அன்று சிரிக்கவில்லை. "விளக்கம்மா" என்று எனக்குப் பெயர் வைத்தீர்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் ஒரு தொல்லை. இந்த பல்புக்கு எந்நேரமும் மின்சாரம் வந்துகொண்டிருக்க வேண்டும். சுவரில் ஸ்விட்சை அணைத்துவிட்டால் அதற்குக் காது கேட்காது. நீங்களோ பழக்க தோஷத்தில் ஸ்விட்சைத் தட்டிவிடுவீர்கள். பிறகு, "விளக்கம்மா, உங்க மெஷின் செத்துப்போச்சு" என்று என் கதவைத் தட்டுவீர்கள். நாளுக்கு நாலு பேர். ஆகவே ஸ்விட்சுகளின் மேல் தகடு வைத்து, இரண்டு ஸ்குரூ முடுக்கி மூடிவிடுவது என்று தீர்மானித்தேன்.

நம் எலக்ட்ரீஷியன் தடுத்தார். "அம்மா, மூடாதீங்க. ஸ்விட்சை ஒருதடவை அணைச்சுத் திரும்பப் போட்டா பல்பு தானா எரியும். அவசரத்துக்கு அது ஒண்ணுதாம்மா வழி."

"உன் வேலை போயிடும்னு பயமாப்பா?" என்று கேட்டேன். அவர் தகடுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். முடுக்கியது என் கை, அவர் கை அல்ல. அவரைக் குறை சொன்னவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள், அவர்கள் காதில் இது விழட்டும்.

பதினாறு வீடுகளில் மூடினேன். முதல் வீடு, மூன்றாம் மாடிக் கோடியில் தனியாக இருக்கும் தையல்காரம்மா வீடு. முப்பது வருடமாக அவருக்குக் கண் துணியில் இருக்கும், கை தானாக ஸ்விட்சுக்குப் போகும். "என்னக்கா, ஒரு விளக்கைப் போடறதுக்கும் இன்டர்வியூ வச்சா எப்படி? கைக்குப் பழகிடுச்சு, வாய்க்கு இன்னும் வரலக்கா" என்றார். "வரும். நான் வர வைக்கிறேன்" என்றேன். இரண்டு ஸ்குரூவையும் இறுக்கினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்தது. பேச்சு நின்றது. கதவின் மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை. கைப்பேசி உள்ளறையில் இருந்தது. அவருடைய ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் ஆள் இருக்கிறார் என்று நமக்கெல்லாம் தெரியும். இரண்டு இரவு வெளிச்சம் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைத்தீர்கள்? தம்பி வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தீர்கள். நானும் அதையேதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை என் ஜன்னல் திரையைத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். சொன்ன நாள் தவறாதவர். அன்று இருட்டிய பிறகு கேட்கப் போனேன். கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம். டிக். சற்று நேரம் கழித்து, டிக். இரும்பில் இரும்பு படும் சத்தம்.

எலக்ட்ரீஷியன் வந்து தாழ்ப்பாளை நெம்பினார். உள்ளே கும்மிருட்டு. அவர் கை ஸ்விட்சுக்குப் போய்த் தகட்டில் மோதியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "முன்னறை விளக்கைப் போடு" என்றேன். உடனே எரிந்தது.

கருவியில் கோளாறில்லை. பல்பில் கோளாறில்லை. வைஃபையில் கோளாறில்லை. இரண்டு நாளாக அந்த அறையில் எல்லாமே வேலை செய்துகொண்டிருந்தன, ஒரு தொண்டையைத் தவிர.

தையல்காரம்மா சுவரோடு நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் சாய்ந்திருந்தார். இடக்கையில் துணி வெட்டும் கத்தரி. தகட்டைச் சுற்றிச் சுவரெல்லாம் கீறல். ஒரு ஸ்குரூ தரையில் கிடந்தது. இன்னொன்று பாதி கழன்றிருந்தது. என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

நான் அவ்வளவு இறுக்கமாக முடுக்கியிருந்தேன். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

யார் அது, "நீங்கதானேம்மா கண்டுபிடிச்சீங்க" என்பது? உட்காருங்கள் ஐயா. நான் தேடிப் போனது என் திரையை.

மறுநாளே பதினாறு தகடுகளையும் என் கையால் கழற்றினேன். அதோடு முடிந்தது என்று இருந்தேன். ஆனால் இன்று உங்கள் கையில் இருக்கும் தீர்மானத் தாளைப் படியுங்கள். வரும் மாதம் மராமத்தின்போது ஸ்விட்சுகளையே எடுத்துவிட்டுச் சுவரைப் பூசிவிடுவது, இனி எல்லாம் குரல்தான் என்று இருக்கிறது. அதற்கு முன்மாதிரி என்று என் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே, பேச்சு வராதவர் தனியே இருப்பது பாதுகாப்பல்ல, ஆகவே தையல்காரம்மாவைக் காலி செய்யச் சொல்வது என்றும் இருக்கிறது. சுவர் அவருக்கு ஏற்றதாக இல்லை என்றால் மாற வேண்டியது சுவரா, அவரா? செயலாளர் மணி அடிக்கிறார். அடியுங்கள். நான் முடிக்காமல் இறங்கமாட்டேன்.

குரல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் கணவருக்கு அது கையாக இருந்தது. கை இருப்பவருக்குக் கை, குரல் இருப்பவருக்குக் குரல். ஒன்றைக் கொடுக்க மற்றொன்றைப் பிடுங்க வேண்டுமா? நான் பிடுங்கினேன். நீங்கள் பிடுங்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவரைத் தம்பி வீட்டில் பார்த்தேன். பேச்சு வரவில்லை. என்மேல் கோபமா என்று கேட்டேன். அவர் ஒரு காகிதத்தை இழுத்து இடக்கையால் எழுதினார். ஆறு சொல், அரைமணி நேரம். "நான் வீட்டுக்கு வரணும். ஸ்விட்ச் இருக்கா அக்கா?" அந்தக் காகிதம் இதோ. தலைவர் அவர்களே, பிடியுங்கள்.

இதுவரை பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். அவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் சுவரில் ஸ்விட்ச் இருக்குமா, அவர் தன் வீட்டுக்கு வரலாமா என்று, வெள்ளிக்கிழமைக்குள், சங்கத்தின் கையெழுத்தோடு, எழுத்தில் பதில் கொடுங்கள்.