முந்திரிக்காட்டில் பழகிய ஒப்பாரி

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். சாவு வீடுகளில் ஒப்பாரி பாடப் போகிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. புதிதாகப் பழகுகிறவளுக்கே நாற்பது வயதிருக்கும். அவள்தான் சொன்னாள்: "உசுரோட இருக்கறவனை நெனச்சாதான்க்கா எனக்குக் குரல் ஏறுது."

"என்னடி சொல்ற?"

"ஒரு வருசமா பாட்டு வந்துச்சு, அழுகை வரல. நீங்கதான யாரையாச்சும் நெனச்சுக்கிட்டுப் பாடுன்னீங்க? எம் மவனை நெனச்சேன்."

"அடிப்பாவி! பெத்த புள்ளையவா?"

"தெனம் குடிச்சுட்டு வுழுந்து கெடக்கான். இன்னைக்கோ நாளைக்கோன்னுதான இருக்கு. ஒப்பாரிய வூட்டுல பாடக்கூடாதுன்னு முந்திரிக்காட்டுல போயிப் பாடுனேன். தேடிக்கிட்டு வந்தவன், நின்னு முழுசாக் கேட்டான்."

"என்ன சொன்னான்?"

"'இப்பதாம்மா நல்லா வருது'ன்னான்."