வலது பக்கத்து மெடல்

அந்தச் சேரு வேணாம் சார், அதுக்கு ஒரு காலு ஆடும். இப்பிடிக் கட்டில்ல உக்காருங்க. இல்லில்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். தண்ணி காயுது, கட்டன் டீ குடிச்சிட்டுப் பேசுவோம். பாலு இல்ல. ஜீப்ப அந்த வளைவுலயே நிறுத்திட்டானா? அதான, பூட்ஸெல்லாம் சேறு. மழை பெஞ்சா எங்க எஸ்டேட்டு லயத்து வீட்டுக்கு எவனும் வண்டி ஏத்த மாட்டான்.

நீங்க என் மகன் பினு இருக்குற பட்டாளந்தான? தோள்ல இருக்குற பட்டையப் பாத்தாலே தெரியுது. அந்தா, மாதா படத்துக்குக் கீழ அவன் போட்டோ, அதுலயும் அதே பட்டைதான். இப்பப் பாக்காதீங்க. பொறவு பாக்கலாம்.

சூசையப்பண்ணன் ஏன் பைப்படியிலயே நிக்கிறாரு? வழி காட்டிக் கூட்டிட்டு வந்த மனுசனுக்கு உள்ள வரத் தெரியாதா? தெனமும் பொழுது சாயுறப்ப நீங்க உக்காந்திருக்குற அதே எடத்துல உக்காந்துக்கிட்டு, எந்திரிங்கண்ணேன்னு சொல்ற வரைக்கும் பட்டாளத்துக் கதை பேசுவாரு. அவரு அவில்தாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அவரப் பாத்துத்தான் பினுவும் போனான். கொழுந்துக் கூடையச் சுமக்க மாட்டேன், துப்பாக்கியச் சுமப்பேன்னான். ரெண்டும் தோளுதான்டான்னேன். கேட்டானா.

இல்ல சார், இருங்க. எனக்கு ஒரு சந்தேகம். மெடல் விசயம். உங்களுக்குத்தான் சரியாத் தெரியும்.

அண்ணன் சொல்லுவாரு, ஞானஜோதி, மெடலு வீரத்துக்கு மட்டும் குடுக்குறது இல்ல, இருந்ததுக்கும் குடுப்பான்னு. இன்ன எடத்துல இத்தன நாளு இருந்தான்னு கணக்கு. எனக்கு உடனே வெளங்கிருச்சு. எங்க எஸ்டேட்டுல பேரு போடுற செக்ரோல் நோட்டு மாதிரித்தான. மலையில நின்னாத்தான் பேரு விழும், கூலி உண்டு. போன வருசம் நான் வழுக்கி விழுந்து மணிக்கட்ட ஒடிச்சிக்கிட்டு மத்தியானத்துக்கு முன்னால எறங்கிட்டேன். அன்னைக்கு எனக்குப் பேரு கெடையாதுன்னுட்டாரு பீல்டாபீசரு. கையி ஒடஞ்சதுக்குக் கணக்குல எடம் இல்ல.

பினுவுக்கு மொத மெடலு அப்பிடித்தான் போச்சு. வடக்க பனிமலையில நின்னான். அங்க இன்ன ஒசரத்துக்கு மேல, இத்தன மாசம் நின்னாக்க ஒண்ணு உண்டாமுல்ல? அந்நேரம் பாத்து அவுக அப்பா தவறிட்டாரு. லீவுல வந்தான், அடக்கம் முடிச்சான், திரும்பிப் போறதுக்குள்ள அவன் கூட்டத்தக் கீழ எறக்கிட்டாக. லீவு நாளு கணக்குல சேராதாம். கூட நின்ன பயலுக எல்லாத்துக்கும் வந்துச்சு. இவனுக்கு இல்ல. சூசையப்பண்ணன் விடுவாரா? வெறும் நெஞ்சுப் பட்டாளத்தான் வந்துட்டான்னு அந்தோணியாரு திருநாள்ல எல்லாரும் கேக்கச் சொன்னாரு. வெளையாட்டுக்குத்தான். ஆனா இவன் அன்னைக்குச் சாப்பிடல.

அதுக்குப் பொறவுதான் இந்த ஆப்பிரிக்கா. சண்டை போடுற ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல ஐ.நா. சபை நீலத் தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிற வேல. அடுத்தவன் சண்டையில உனக்கு என்னடான்னேன். அம்மா, மூணு மாசம் நின்னாப் போதும், வெளிநாட்டு மெடலு, சூசையப்பன் மாமாட்டயே கெடையாதுன்னான். நானும் விட்டுட்டேன். நெசத்தச் சொல்றேனே, எனக்கும் ஆசைதான். தெனம் ராவுல அந்தோணியாருகிட்ட அதத்தான் கேட்டேன். இவன் பொண்டாட்டி ஜிஸ்மி, மூணாறுல துணிக்கடையில நிக்கிறா, அவதான் ஏசுவா. மெடலா வந்து சோறு போடப் போகுதும்பா. அவளுக்குப் பட்டாளத்துப் பேச்சே பிடிக்காது. அண்ணன் பேச ஆரம்பிச்சாலே பாத்திரம் வெளக்கப் போயிருவா.

ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சா போன் போடுவான். இந்த வாரம் போடல. டவரு இல்லியாக்கும்னு ஜிஸ்மிகிட்டச் சொன்னேன். மலையில நமக்கே கெடைக்க மாட்டேங்குது, அவ்வளவு தூரத்துல இருந்து எப்பிடி வரும்?

குடிங்க. சீனி பத்தலன்னாச் சொல்லுங்க.

நீங்க வாயத் தெறக்குறது எனக்குத் தெரியுது சார். இன்னும் செத்த நேரம் பொறுங்க. சிசிலி கதைய முடிச்சிர்றேன். மேல் லயத்துக்காரி. அவ வீட்டுக்காரரு அமிர்தநாதனும் பட்டாளத்துல இருந்தவருதான். அவரு போன பொறவு, அடுத்த திருநாளைக்கு அவரோட மெடல சேலையில குத்திக்கிட்டுச் சப்பரத்துக்கு முன்னால நடந்து வாரா. வலது பக்கம் குத்தியிருக்கா. எனக்கு என்ன தெரியும்? பாவம், தெரியாமக் குத்திட்டா, நாலு பேரு சிரிப்பாகன்னு ஓடிப்போயி, இருடி மாத்தி விடுறேன்னு ஊக்குல கைய வச்சுட்டேன். சூசையப்பண்ணன் எட்டி என் கையப் பிடிச்சாரு. அடி கிறுக்கி, வாங்குனவன் குத்துறதுதான் இடது பக்கம். அவன் இல்லன்னா வீட்டு ஆளு வலது பக்கந்தான் குத்தணும்னாரு. சிசிலி பாட்டுக்கு நான் தொட்ட ஊக்கத் திரும்பவும் சரிபண்ணிக்கிட்டா.

அந்த அண்ணன் தன் மெடலக் கோட்டோட பெட்டியில வச்சுப் பூட்டிருவாரு சார். திருநாளுக்கு எடுப்பாரு, ஆகஸ்டு பதினஞ்சுக்கு எடுப்பாரு. அமிர்தநாதன அடக்கம் பண்ணுன அன்னைக்கும் எடுத்தாரு. இன்னைக்குச் செவ்வாக்கிழம. நீங்க படியேறுறப்ப நான் அடுப்பு முன்னால இருந்தேன். பூட்ஸுச் சத்தம் கேட்டு நான் திரும்பல. அதுக்குப் பின்னால மெடலு ஒண்ணோடொண்ணு இடிக்கிற சத்தம் வந்துச்சு. அதுக்குத்தான் திரும்புனேன். பட்டாளத்துல இருந்து ஆளு வந்துருக்கு, மரியாதையாப் போகணும்னு எடுத்து மாட்டியிருக்காரு, பாவம். அவரு கண்ண மட்டும் என் பக்கம் திருப்ப மாட்டேங்குறாரு.

இப்பக் கேக்குறேன். அண்ணன் ஒண்ணு சொல்லியிருக்காரு. பட்டாளம் உங்க எஸ்டேட்டு மாதிரி இல்ல, நின்ன எடத்துல அடிபட்டாலோ உசுரு போனாலோ நாளக் கணக்குப் பாக்க மாட்டான், மொத நாளா இருந்தாலும் முழு மெடலு குடுத்துருவான்னு. சரிதான சார்? பினு போயி ரெண்டு மாசந்தான் ஆகுது. நாளு பத்தல. அவனுக்கு அந்த மெடலு உண்டா, இல்லியா?

வேற ஒண்ணும் சொல்ல வேணாம். இல்லன்னு சொல்லுங்க. ரூல்ல எடமில்ல, கெடையாதும்மான்னு ஒரு வார்த்தை. இந்த ரூமுக்குள்ளயே நான் ஆடுவேன். அந்தோணியாருகிட்டக் கேட்டதெல்லாம் வேணாம்னு திருப்பிச் சொல்லிருவேன்.

உண்டுங்குறீங்களா.

சரி. அடிபட்டாலும் உண்டுதான? இப்பத்தான சொன்னேன். கை போயிருந்தாலும் காலு போயிருந்தாலும் அவனே குத்திக்குவான். குனியாதீங்க சார், என்னப் பாருங்க. உங்களுக்கும் வாயால சொல்லக் கஷ்டந்தான், தெரியுது. சொல்ல வேணாம். எந்தப் பக்கம் குத்தணும்னு கைய மட்டும் வச்சுக் காட்டுங்க.

சரி தம்பி. கைய எறக்குங்க. போதும்.

கட்டன் ஆறிருச்சு, வேற போடுறேன். அண்ணன உள்ள கூப்பிடுங்க, மழையில நிக்கிறாரு. ஜிஸ்மி நாலு மணி பஸ்ல வருவா. அவகிட்ட நீங்க ஒண்ணும் பேச வேணாம், நான் சொல்லிக்கிறேன். அவளுக்கு இந்த ரூலெல்லாம் தெரியாது.